மருதாணிக் கோடு போட்ட ரேஸ் கார்

உம்மே ஹானிக்குத் தொழில் இரண்டு. கல்யாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு மருதாணி போடுவார். மிச்ச நேரத்தில், அசோக் நகரில் மாவு மில்லை ஒட்டிய ஒற்றை ஷட்டர் பட்டறையில், ரேஸ் காருக்கு ஆர்ம் செய்வார். முதல் தொழிலைக் கேட்டவர்கள் "அப்படியா" என்பார்கள். இரண்டாவதைக் கேட்டவர்கள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆர்ம் என்பது பின் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துவைக்கும் உருக்குக் குழாய். ஒரு நுனியில் வலது மரை, மறு நுனியில் இடது மரை. குழாயை ஒரு பக்கம் திருகினால் ஆர்ம் நீளும், மறுபக்கம் திருகினால் குறுகும். நீளம் மயிரிழை மாறினாலும் சக்கரம் பார்க்கும் திசை மாறிவிடும். நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவில் திரும்பும் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் வீட்டாருக்கு முக்கியமான விஷயம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஹானியின் கணவர் ஆசிஃப்.

கல்யாணமே ஆர்மால் வந்ததுதான். அந்தக் காலத்தில் ஹானி ஜன்னல் கிரில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். வளைந்துபோன வெளிநாட்டு ஆர்ம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆசிஃப் வந்து, நிமிர்த்தித் தரச் சொன்னார்.

"நிமித்தினா மறுபடி அங்கியே வளையும். புச்சா செஞ்சு தர்றேன், குந்து."

குந்தியவர் இன்றுவரை முழுதாக எழுந்திருக்கவில்லை.

அடக்கம் என்ற குணத்தை ஹானியிடம் யாரும் பார்த்ததில்லை. "என் வெல்டிங்க ஒடைக்கிற ரோடு இன்னும் போடல" என்று கார்ப்பரேஷன் என்ஜினீயரிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வெல்டிங்கைப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மணப்பெண்ணின் மணிக்கட்டில் கொடி ஓடுகிற அதே சீரில் உருக்கின் மேல் ஓடியிருக்கும்.

குழாய் தானாகத் திருகிக்கொள்ளாமல் இருக்க இரண்டு நுனியிலும் லாக் நட் உண்டு. அதை முறுக்கி முடித்ததும், நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே மருதாணிக் கோனால் ஒரு கோடு இழுப்பார். கோந்து கலந்த மருதாணி. காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடும். நட்டு அசைந்தால் கோடு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். மற்ற பட்டறைகளில் இதற்குப் பெயிண்ட் பேனா. ஹானியின் கோட்டின் முனையில் சின்னதாக ஒரு மாங்காயும் இருக்கும். அதற்கு இயந்திரவியல் காரணம் எதுவும் இல்லை.

காரின் சொந்தக்காரர் பத்ரிநாராயணன், மயிலாப்பூர்வாசி, பக்திமான். வெளிநாட்டு ஆர்ம்மீதும் அவருக்குப் பக்தி உண்டு. ஹானி செய்த ஜோடியை வாங்கி, துடைத்து, ஷெட் சுவரில் மாட்டிவைத்திருந்தார். ஒரு பந்தயத்தில், யார் எந்த இடத்தில் நின்று கிளம்புவது என்று தீர்மானிக்கும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆசிஃப் மூன்றாவதாக வந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு முன்னால் நின்றதே கிடையாது. அதே சுற்றின் கடைசி வளைவில் வெளிநாட்டுப் பக்தி வளைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சுவரில் இருந்தது இறங்கியது. சாயங்காலம் ஹானியே பந்தயத் திடலுக்கு வந்து மாட்டினார். தி. நகரில் ஒரு மணப்பெண் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவள் அம்மா போன்மேல் போன். ஹானி கோடு இழுத்துவிட்டு ஓடினார்.

ஞாயிறு காலை திரும்பி வந்து காருக்கு அடியில் நுழைந்தார். கோடுகள் இல்லை. அவை இருந்த இடத்தில் வட்டமாகச் சந்தனம், நடுவே குங்குமம்.

"எவன்டா இது?"

"நான்தாம்மா," என்றார் பத்ரிநாராயணன். "கார்த்தால பூஜை பண்ணேன். புது சாமானாச்சே. என்னமோ சேறு காஞ்சுண்டு இருந்தது, நன்னா தேய்ச்சு அலம்பிட்டு இட்டேன்."

"சேறா? மாங்கா போட்ட சேறு எங்க சார் பார்த்தீங்க?"

பந்தயத்துக்கு வண்டிகளை வரிசையில் நிறுத்தக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆசிஃப் ஹெல்மெட் மாட்டியாகிவிட்டது. "நேத்து நீதானே டைட் பண்ண? போலாம், வுடு" என்றார்.

"கோடு இல்லாம இந்த வண்டி போவாது" என்று ஹானி ரெஞ்சை வாங்கினார். வலது பக்கம் இரண்டு நட்டும் பாறை. இடது பக்கம் ரெஞ்சே தேவைப்படவில்லை. விரலால் தொட்டார், சுற்றியது. இரண்டாவதும் சுற்றியது.

வலது பக்கத்தை மறுபடி தொட்டார், இடது பக்கத்தை மறுபடி தொட்டார்.

பிறகு, பெருமை பேசும்போது என்ன உச்சத்தில் பேசுவாரோ அதே உச்சத்தில் குரல் வந்தது: "நான்தான்! போன் அடிச்சிக்கினே கீது, கோன் கையில கீது, முறுக்கறதுக்கு முன்னாடியே கோட்டப் போட்டுட்டேன். என் தப்பு. எல்லாருக்கும் கேட்டுச்சா?"

பக்கத்து அணிக்காரர்களுக்கும் கேட்டது.

பத்ரிநாராயணன் முகம் வெளுத்தது. "அப்போ நான் அலம்பாம இருந்திருந்தா..."

"கோடு முழுசா இருந்திருக்கும். நான் பார்த்துட்டு போன்னு சொல்லிருப்பேன். மூணாவது வளைவுல இவன் சுவத்துல இருந்திருப்பான்."

"எல்லாம் பெருமாள்."

"உங்க பெருமாளுக்கும் என் அல்லாவுக்கும் சேத்து சலாம். இப்ப நீங்க அலம்பின அலம்புல கொழாய் எவ்ளோ திரும்பிச்சின்னு எனக்குத் தெரியணும். நூல் கொண்டா!"

காரின் பக்கவாட்டில் நேராக நூல் கட்டி, சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளக்க வேண்டும். அளவுக் கருவிகள் மயிலாப்பூர் ஷெட்டில். மெக்கானிக் ரங்கன் நொச்சிக்குப்பத்துக்காரர். அவர் பேன்ட் பாக்கெட்டிலிருந்து தூண்டில் நரம்பு வந்தது.

"ரேஸுக்கு மீன் புடிக்கவா வந்த?" என்றார் ஆசிஃப்.

"பின்னாடி ஒரு ஏரி கீது மாமா. நீ சீக்கிரம் அவுட் ஆயிட்டின்னா போலாம்னு."

நரம்பைக் கட்டினார்கள். அளந்தார்கள். இடது சக்கரம் தீக்குச்சிப் பருமன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஹானி குழாயைத் திருகினார், அளந்தார், மறுபடி திருகினார். அதற்குள் மற்ற வண்டிகள் வரிசைக்குப் போய்விட்டன, பாதைக்குப் போகும் வாசலையும் மூடிவிட்டார்கள். இனி எல்லோரும் கிளம்பியபின், கடைசி வண்டியாகத்தான் வெளியே விடுவார்கள்.

"மூணாவது இடம் போச்சு ஹானி" என்றார் ஆசிஃப். திட்டவில்லை.

"போச்சு. நான்தான் போக்கினேன். நீ திரும்பி வா, அப்புறம் சண்டை போடு." இரண்டு ரெஞ்சும் கிறீச்சிட நட்டை முறுக்கினார். பிறகுதான் கோனை எடுத்தார்.

கடைசி வண்டி கிளம்பியது. அதன்பின் அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆசிஃப் மூன்றாவது வளைவின் கல் விளிம்பில் இடது பின் சக்கரத்தை ஏற்றி இறக்கினார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பத்ரிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டார். ஹானி மூடவில்லை, சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்கிய ஒவ்வொரு தடவையும் போக வேண்டிய திசையையே பார்த்தது. வண்டிகள் ஒன்றொன்றாகப் பின்னால் போயின. கோப்பை முதல் மூன்று பேருக்கு. ஆசிஃப் நான்காவதாக வந்தார்.

கார் நின்றதும் ஹானி அடியில் நுழைந்துவிட்டார். உருக்கு கொதித்தது. கோடுகள் நான்கும் முழுசாக இருந்தன.

ஆசிஃப் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். "நானும் வந்துட்டேன்."

"தெரியுது," என்றது அடியிலிருந்து வந்த குரல். அந்தக் குரல் தழுதழுத்ததாக ரங்கன் சொல்கிறார், ஹானி மறுக்கிறார். "நவுரு. வெளிச்சத்த மறைக்கிற."