எழவு வீட்டு வாசலில் நின்ற மாவோரிகள்

தம்பியின் காரியத்துக்கு முன்னால் அவனுடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்தார்கள். நியூசிலாந்து பட்டாளத்துக்காரர்கள், அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள். ஆப்பிரிக்காவில் அமைதிப் படையில் தம்பியோடு இருந்தவர்கள். அங்கேதான் வண்டி கவிழ்ந்து அவன் போனான். கடைசியில் பக்கத்தில் இருந்தது இவர்கள்தான் என்று தெரிந்ததிலிருந்து தம்பி பொண்டாட்டிக்கு ஒரே கேள்விதான். "அவர் ஏதாவது சொன்னாராமா, மாமா?"

ஆட்டோவை விட்டு இறங்கியவர்கள் கேட்டுக்கு வெளியே தலைகுனிந்து நின்றுவிட்டார்கள். கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அசையவில்லை. நான் என்ன தப்புப் பண்ணினேன்? எட்டாவதோடு நின்றவன், அவர்கள் பாஷையில் என்னத்தைக் கேட்பது?

ஆட்டோக்கார சேட்டன்தான் அவர்களிடம் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னார். "பெண்ணுங்க ஆராவது விளிக்கணுமாம். பெண்குரல் கூப்பிடாம உள்ளே வரமாட்டாங்க. அது அவங்க முறை."

எங்கள் முறையோ நேர் எதிர். எழவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்லக்கூடாது. இன்னொரு சாவையும் சேர்த்துக் கூப்பிட்டதாகிவிடும். ஒரு தடவை கூப்பிடச் சொல்லி அத்தையிடம் கெஞ்சினேன்.

"என் வாயால அதை வேற கூப்பிடணுமா? வேணும்னா நீ சேலையைக் கட்டிக்கிட்டுப் போய்க் கூப்பிடுடா."

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாளே என்று பதறினேன்.

உள்ளே இருந்து அவளே எழுந்து வந்தாள்.

"இந்தக் கோலத்துல வாசலுக்கு வர்றியாடி?" என்றாள் அத்தை.

"இனி எனக்கு வர்றதுக்கு என்ன இருக்கு?"

வாசற்படியில் நின்று, "வாங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடியும் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "வாங்க!"

அவர்கள் மெதுவாக நடந்து வந்தார்கள். பாதியில் ஒருமுறை நின்று, செத்தவனுக்காகத் தலைகுனிந்துவிட்டு வந்தார்கள். அவள் கேட்டதைச் சேட்டன் அவர்களிடம் கேட்டார். மூத்தவர் சேட்டனிடம் ஏதோ சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்து, தன் நெற்றியையும் மூக்கையும் என் முகத்தோடு வைத்து அழுத்தினார். அவர் மூச்சு என்மேல் சூடாகப் பட்டது.

"தம்பி ஒண்ணும் பறஞ்சில்லையாம், ஒரு வார்த்தைகூட இல்லையாம்," என்றார் சேட்டன். அவர் குரலும் இறங்கியிருந்தது. "முதல்ல தம்பி இவங்க முகாமுக்கு வந்தப்போ இப்படித்தான் மூக்கோட மூக்கு வச்சு வரவேற்றாங்களாம். கடைசியிலயும் இவர் இப்படியே வச்சிருந்தாராம், தம்பி மூச்சு நிக்கிற வரைக்கும்."

நான் விலகியதும் தம்பி பொண்டாட்டி அந்த இடத்தில் வந்து நின்று முகத்தை உயர்த்தினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தலாம் என்று என் கை போனது. சாத்தவில்லை.