அண்ணாச்சியின் லீவு கடிதங்கள்

லீவு கடிதத்தில் நோய் எவ்வளவு பெரிதாகிறதோ, அவ்வளவு சீக்கிரம் லீவு கிடைக்கும் என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பது வயதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் இப்படி நம்பினான் என்பதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்பிக்கைக்கு ஆதாரமாக என் கண்ணெதிரே ஒரு பச்சை அட்டைக் கோப்பு இருந்தது. தம்பானூரில் நான் வேலை பார்த்த மருந்து மொத்த விற்பனைக் கடையின் முதலாளி திருநெல்வேலிக்காரர். போனில் செய்தி அனுப்பி லீவு கேட்பது மரியாதையில்லை, தமிழில் கைப்பட எழுதித்தான் கேட்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அப்படி வந்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கோப்பில் சேரும். அவற்றில் புகழ் பெற்றவை எங்கள் ஹெட் கிளார்க் அண்ணாச்சி எழுதியவை.

அண்ணாச்சி நாஞ்சில் நாட்டுக்காரர். நேரில் பேசினால் பத்து வார்த்தைக்கு மேல் வராது. பேனாவை எடுத்தால் ஆளே வேறு. ‘என் தலைவலியைத் தூக்கி அகத்தியர் மலைமேல் வைத்தால் மலை இரண்டு அடி கீழே இறங்கும்’ என்று எழுதுவார். பல்வலி வந்தபோது, ‘கடைவாய்ப் பல்லுக்குள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டே புகுந்து ஹாரன் அடிக்கிறது’ என்று எழுதினார். மழையில் தெரு மூழ்கியபோது, ‘சங்குமுகம் கடற்கரை எங்கள் தெருவுக்குக் குடிவந்துவிட்டது, மீன்காரர்கள் வலை வீசுவதால் வாசலைத் திறக்க முடியவில்லை.’ இடுப்புப் பிடித்த அன்று, ‘பல் தேய்க்கக் குனிந்தேன், குனிந்தபடியே இதை எழுதுகிறேன்.’ பள்ளிக்கூடத்தில் உயர்வு நவிற்சி அணி என்று படித்து மறந்ததற்கு இப்படி ஒரு பிழைப்பு இருக்கும் என்று யார் கண்டது?

ஸ்ரீவராகத்திலிருந்து வரும் மானேஜர் மேடம் அந்தக் கடிதங்களை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பார். பிறகு கையெழுத்துப் போடுவார். எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் அந்த ஆபீசில் சிரிக்க வைக்கும் வேலை என்னுடையது. பன்னிரண்டு வருடமாக டீ நேரத்தில் நான் கூத்தடித்துச் சேர்த்த சிரிப்பை, வாய் திறக்காத ஒரு மனிதர் அரைப் பக்கத்தில் அள்ளிக்கொண்டு போவதா? ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கோப்பைத் திறந்து அவர் கடிதங்களை மனப்பாடம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் ஒருமுறை ‘காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு வேண்டும்’ என்று எழுதியதற்கு மேடம் சிரிக்கவில்லை. “இதுக்கா லீவு? நம்ம கடையிலயே பாரசிட்டமால் இருக்கே. ரெண்டு போட்டுண்டு வாங்கோ” என்றார்.

மார்ச் மாதம் வந்தது. சரக்கு இருப்பு எண்ணும் மாதம், யாருக்கும் லீவு கிடையாது. அதே மாதத்தில் என் மைத்துனனுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம். மூன்று நாள் கேட்டேன், மேடம் முடியாது என்றார். அதற்கு முந்திய வாரம்தான் அண்ணாச்சியின் இடுப்புக்குச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டில் என் மனைவி, “தாலி கட்டுற நேரத்துல எங்க அப்பா உங்களத்தான் தேடுவாவ. நான் என்ன சொல்ல? மாத்திரை எண்ணிக்கிட்டு இருக்காவன்னா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடிந்ததும் பேனாவை எடுத்தேன். அண்ணாச்சிக்கு ஒரு மலை என்றால் எனக்கு ஒரு நதியாவது வேண்டாமா? ‘விடியற்காலையிலிருந்து மூக்கில் இரத்தம் கொட்டுகிறது. இரண்டு குடம் போயிருக்கும். உடம்பில் மிச்சம் ஒரு டம்ளர்தான். அதுவும் ஆறிக்கொண்டிருக்கிறது.’ எழுதி முடித்ததும் நானே சிரித்தேன். கடை திறக்குமுன் பக்கத்து வீட்டுப் பையன் மூலம் வாட்ச்மேனிடம் சேர்த்தேன்.

அன்று மேடம் வரத் தாமதம். கடிதம் சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் சேட்டன் கைக்குப் போயிற்று. பஸ் போர்டுகளைப் பார்த்துத் தமிழ் எழுத்துப் படித்த மலையாளி அவர். எழுத்துக் கூட்டி வாசித்த அவருக்கு ‘இரத்தம்’ புரிந்தது, ‘ஒரு டம்ளர்’ புரிந்தது. என் அடையாள அட்டையில் இரத்த வகையைப் பார்த்திருக்கிறார். பதினோரு மணிக்குக் கிழக்கேகோட்டையில் என் வீட்டு வாசலில் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஸ்டோர் சேட்டனோடு சேர்த்து ஆறு பேர், எல்லாரும் என் இரத்த வகை.

நான் அப்போது கண்ணாடி முன் கல்யாணப் பட்டு வேட்டியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டதும் வேட்டியோடு கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்தேன். ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டதில் போர்வை தனியாக எழுந்து நடந்துவிடும் போலிருந்தது. “கிடந்தோ சாரே, அனங்கண்டா” என்று ஸ்டோர் சேட்டன் என் தோளை அமுக்கினார். அசையாதே என்று அவர் சொல்லவே வேண்டியதில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஆறு பேரில் அண்ணாச்சியும் ஒருவர். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சரிகைக் கரையைக் குனிந்து பார்த்தார்.

“ரெண்டு குடம் போயும் பட்டுல ஒரு சொட்டு படல்ல பாத்தியளா. கெட்டிக்கார மூக்கு தம்பி உமக்கு.”

முதலில் சிரித்தது ஸ்டோர் சேட்டன்தான். வந்தவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. வந்தது வந்தாயிற்று என்று ஆறு பேரும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் யாருக்கோ இரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு மணி நேரத்தில் மேடம் முன்னால் நின்றேன். பயத்தில் வாய் எல்லை தாண்டியது. “அண்ணாச்சி மட்டும் மாசத்துல பாதி நாள் வர்றதில்ல. அவர் கேட்டா சிரிச்சுக்கிட்டே கொடுக்கீங்க. நான் கேட்டா மாத்திரை கொடுக்கீங்க” என்றேன்.

“சிரிச்சதுக்கா லீவு கொடுத்தேன்னு நினைச்சேள்?” என்று மேடம் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அண்ணாச்சியின் வரிசையில் விரலை வைத்து, கணக்கு வருடம் தொடங்கும் ஏப்ரலிலிருந்து தேடிக்கொண்டு வந்தேன். மலை, பஸ் ஸ்டாண்டு, கடற்கரை, இடுப்பு. நான் மனப்பாடம் செய்த கடிதங்களுக்கு வெளியே ஒரு நாள்கூட இல்லை. என் பொறாமைதான் அவற்றை மாதத்தில் பாதி நாளாகப் பெருக்கியிருந்தது. என் வரிசைக்கு விரல் தானாக நகர்ந்தது.

அந்த வருடம் அண்ணாச்சி எடுத்த லீவு நான்கு நாள். நான் எடுத்தது பத்தொன்பது. கல்யாணத்துக்கு என் மனைவி அன்று சாயங்கால பஸ்ஸில் தனியாகப் போனாள்.