மெதுவாகப் போகும் கார்

நான் கேட்டது சைக்கிள். கிடைத்தது ரிமோட் கார். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்பிள்ளைகள் எல்லாம் குரங்குப் பெடல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சைக்கிள் பழக்க வேண்டுமென்றால் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட ஒரு ஆள் வேண்டும். அப்பாவால் ஓட முடியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ராஜபாளையத்துப் பஞ்சு மில்லில் ஃபிட்டர் வேலை. தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. நாலு எட்டு வேகமாக வைத்தால் மூச்சு வாங்கும். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா இருமுவார் என்பதுதான். எல்லார் வீட்டு அப்பாக்களும் இருமுவார்கள் என்று நினைத்திருந்தேன். மில்காரர்கள் குடியிருந்த எங்கள் தெருவைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் சிங்கப்பூர்ச் சாமான் விற்கிறார் என்று கேள்விப்பட்டு அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப்போனார். அந்த ஊருக்கு ஆண்டாளைச் சேவிக்கப் போவார்கள், பால்கோவா வாங்கப் போவார்கள், கார் வாங்கப் போனது நீங்கள் இரண்டு பேர்தான் என்று அம்மா வெகுநாள் சொல்லிக்காட்டினாள்.

கடையில் இரண்டு கார் இருந்தன. ஒன்று சிவப்பு, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கடைக்காரர் விட்டதும் சர்ரென்று போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது. என் மனசும் அதோடு போய்விட்டது. இன்னொன்று களிமண் நிறம். பெரிய பெரிய டயர், ஜீப்பு மாதிரி. அப்பா இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். சிவப்புக் கார் கண்மாய்க்கரை மேட்டில் தட்டும், பல்சக்கரம் திறந்து கிடக்கிறது, நம் தெருப் பஞ்செல்லாம் அதில் சுற்றிக்கொள்ளும் என்றார். எல்லாம் சரியான காரணம்தான். அதற்குப் பிறகு ஜீப்பைக் காட்டி, “இது எம்புட்டு மெதுவாப் போகும்?” என்று கேட்டார்.

“எல்லாரும் வேகத்தைத்தான் கேப்பாக. நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி இப்பிடிக் கேக்கிய” என்றார் கடைக்காரர்.

வாசல் மண்ணில் அதை விடச் சொல்லி, கரண்டுக் கம்பம் வரை அதன் பக்கத்திலேயே நடந்து போய்த் திரும்பி வந்தார் அப்பா. அப்புறம்தான் பணத்தை எடுத்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்! பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மகளோடு சேர்ந்து நடக்கத் தன் கால் வேகத்துக்கு ஒரு வண்டி தேடுகிறார் என்று எனக்கு யார் சொல்வது?

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கண்மாய்க்கரைக்குப் போவோம். ரிமோட் அப்பா கையில். கார் நடுவில் உருண்டுகொண்டு வரும், நாங்கள் இருபுறமும் நடப்போம். தெருப் பிள்ளைகள் கட்டை வண்டி என்று கேலி செய்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் கார் நின்றுவிடும்.

“மோட்டாரு சூடாயிருச்சு. செத்த நேரம் ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு அப்பா கரையில் உட்கார்ந்துகொள்வார். ஃபிட்டர் சொன்னால் அதற்கு மேல் என்ன அப்பீல்? நான் மண்ணில் குப்புறப் படுத்து, காரின் அடியில் வாய் வைத்து ஊதுவேன். தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும். எல்லாம் நான் ஊதினதால்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

என் காரை அப்பாவேதான் ஓட்டுகிறார் என்று ஒருநாள் அம்மாவிடம் புகார் சொன்னேன். “ஓட்டிட்டுப் போறாக, விடுட்டி” என்றாள்.

மார்கழிப் பனியில் அப்பா மில்லுக்குப் போவது நின்றது. கண்மாய்க்குக் கூப்பிட்டால், கட்டிலில் சாய்ந்தபடியே, “பேட்டரி தீந்துபோச்சுட்டி” என்பார். தை பிறந்ததும் அவரை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை அடுத்த வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டு அம்மாவும் கூடப் போனாள்.

தீர்ந்த பேட்டரியை எங்கள் தெருவில் யாரும் உடனே தூக்கிப் போடுவதில்லை. வெயிலில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம் உயிர் வரும் என்பார்கள். ரேடியோ, டார்ச் எல்லாம் அப்படித்தான் ஓடின. நானும் காரிலிருந்து கழற்றி மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கி, காக்கா தூக்கிப் போய்விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மத்தியானம் வாசலில் வேன் வந்து நின்றது. மில்லில் இருந்து ஆட்கள் தலையில் பஞ்சோடு அப்படியே வந்திருந்தார்கள். அம்மாவை இரண்டு பெண்கள் பிடித்து இறக்கினார்கள். அடுத்த வீட்டு அத்தை மேலே ஏறி வந்தாள்.

“அப்பாவக் கொண்டாந்துருக்காக. கீழ வா, தாயி.”

பேட்டரிகளைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு ஏறியிருந்தது. சாயங்காலம் கண்மாய்க்குப் போய்விடலாம் என்று, எல்லாவற்றையும் பாவாடையில் அள்ளிக் கட்டிக்கொண்டு படியில் குதித்துக் குதித்து இறங்கினேன்.