பெர்மெட்டின் அடுப்பு

முர்காப் மலையூரில் புருஷனைப் பறிகொடுத்தவள் கம்பளிக் கூடாரத்தின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். பெர்மெட்டும் பாடினாள். குரல் வந்தது, கண்ணீர்தான் வரவில்லை. ஜோல்டோஷோடு வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்வதிலேயே போய்விட்டது. அழுவதற்கென்று தனியாக எதுவும் அவளிடம் மிச்சமில்லை.

இருந்தது ஒரே ஒரு யாக் மாடு. பால் கொஞ்சம், சாணம் நிறைய. அந்த வறட்டியை நம்பித்தான் அவளுடைய குளிர்காலம். மற்றவர்கள் மலைச்சரிவில் தெரெஸ்கென் புதரை வேரோடு பிடுங்கி எரித்தார்கள். அது வளர ஒரு மனுஷ ஆயுள் வேண்டும், டீத்தண்ணி கொதிப்பதற்குள் சாம்பலாகிவிடும். சரிவு எப்போதோ மொட்டையாகிவிட்டது.

நாற்பதாம் நாள் சாவு விருந்து நெருங்கியபோது கொழுந்தன் மாமிர் வந்தான்.

"அண்ணி, மாட்டை அறுத்துடலாமா?"

"அறுத்துட்டு எதை எரிக்கிறது, தம்பி?"

"அதுக்காக வர்றவங்களுக்கு டீயும் ரொட்டியுமா வைக்கிறது? அண்ணன் உயிரோட இருந்தப்பவே அதைத்தானே தின்னாரு."

"அவரு ஒண்ணும் குறை சொல்லலையே."

"அவரு சொல்லமாட்டாரு. ஊரு சொல்லும். நாளைக்கு நம்ம வீட்டுச் சாவுக்கு ஒருத்தன் வரமாட்டான்."

அது உண்மை. உறைந்த மண்ணில் குழி தோண்ட நாலு பேர் வேண்டும். பெர்மெட் சரியென்றாள்.

விருந்து குறையில்லாமல் நடந்தது. அவரவர் பங்குக் கறியைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஜோல்டோஷ் கொடுத்துவைத்தவன் என்றார்கள். அவளுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. வாயில் கொழுப்பு ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

பனி கொட்டத் தொடங்கிய கொஞ்ச நாளில் வறட்டி தீர்ந்தது. யாரிடம் கேட்பது? எல்லா வீட்டிலும் அதே கதைதான். புதர் மிஞ்சியிருந்தது செத்தவர்களைப் புதைக்கும் மையவாடியில் மட்டும். கபர் மேல் முளைத்ததைத் தொடுவது பாவம் என்று இதுவரை ஒருவரும் அங்கே கைவைத்ததில்லை. ஒருநாள் காலையில் பெர்மெட் கடப்பாரையும் சாக்குமாகக் கிளம்பினாள். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. விரல்கள்தான் மரத்துப்போயின.

மையவாடிக்குள்ளே மாமிர் குனிந்து நின்றிருந்தான். அவன் கையிலும் கடப்பாரை.

"எந்தப் பக்கம் எடுக்கறீங்க, அண்ணி?"

"உங்க அண்ணன் பக்கம்."

"சரி. அப்ப நான் அப்பா பக்கம் போறேன்."