சாஷா பெயர் வைத்த கதை

எங்கள் தெருவில் நின்று "சாஷா" என்று உரக்கக் கூப்பிட்டால் நாலு ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்தாவதாக, புரெக் என்னும் அடுக்குப் பலகாரம் சுடும் கடையின் அடுப்புக்குப் பின்னாலிருந்து மாவுக் கையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்து, "என்னையா, அவனுங்களையா?" என்று கேட்பாள். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்த நாலு ஆண்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நான் எதிர்க்கடை. காய்கறி வியாபாரம். பெயர் ட்ராகோஸ்லாவ், ஆனால் நீஷ் நகரத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டால் நானே திரும்ப மாட்டேன். எல்லோருக்கும் நான் கோஷா. என் முழுப்பெயர் என் மனைவிக்கே கல்யாணத்தன்று பாதிரியார் வாயிலிருந்துதான் தெரிந்தது. "யாரு அது?" என்று என் காதில் கேட்டாள். செல்லப்பெயரோடு பிறந்து செல்லப்பெயரோடு சாகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊர், ஒரு பெண் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதற்காக ஒரு இலையுதிர்காலம் முழுக்க மல்லுக்கட்டியது.

முதலில் சாஷாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் கல்யாணத்தில் சாட்சியாக நிற்பவர் கூம். பெண்ணாக இருந்தால் கூமா. அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற உரிமை அவருடையது. பெற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சாஷாவின் அப்பாவும் அவருடைய கூமும் ராக்கியா சாராயம் குடித்துக்கொண்டிருந்தபோது, "பொறக்கப்போறது எதுவா இருந்தாலும் பேரு சாஷா" என்று கூம் மேசையில் அடித்துச் சொல்லிவிட்டார். பிறந்தது பெண். கூம் சொன்ன சொல் சொன்னதுதான்.

அதன் பிறகு அவள் பட்ட பாட்டை அவளே சொல்லிக் கேட்க வேண்டும். பதினெட்டு வயதில் படையில் சேரச் சொல்லி ஓலை வந்தது. கூப்பிட்டார்களே என்று இவளும் போய் வரிசையில் நின்றாள். குனிந்து எழுதிக்கொண்டே "சட்டையைக் கழற்று" என்று சொன்ன டாக்டர், நிமிர்ந்து பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் போனாராம். இன்னொரு தடவை வயிற்று ஆபரேஷனுக்குப் போனபோது ஆண்கள் வார்டில் கட்டில் போட்டிருந்தார்கள். அங்கே சீட்டாட ஒரு கை குறைந்ததால் இவளும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் வந்து பார்த்தபோது இவள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள், வரிசையில் நிற்பவர்கள் புரெக்கோடு குடிக்கிற தயிரைச் சிந்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு பையனின் அம்மா, "சாஷான்னு ஒரு மருமகளா? ஊரு என் புள்ளையப் பத்தி என்ன நினைக்கும்?" என்று கேட்டதையும், அந்தப் பையன் அதோடு வராமல் போனதையும் மட்டும் அவள் கடையில் சொல்ல மாட்டாள். எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கடைக்கு மேல்மாடியில் துன்யா என்று ஒரு சிறுமி இருந்தாள். அவள் அம்மா தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட். அதனால் துன்யா பள்ளி திறக்கும்வரை சாஷாவின் மாவு மூட்டைமேல்தான் உட்கார்ந்திருப்பாள். சாஷா அவளுக்குத் தலை பின்னிவிடுவாள், பாலாடைக்கட்டி வைத்த புரெக்கைக் கையில் கொடுப்பாள், காய்ச்சல் வந்தால் கடையை என்னிடம் விட்டுவிட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள். எனக்குப் புரெக் சுட வராது. அன்றைக்கெல்லாம் தெருவே பட்டினி.

அந்தத் துன்யா வளர்ந்து, வெல்கோ என்ற லாரி ஓட்டும் பையனைக் கட்டிக்கொண்டாள். சொந்தபந்தம் அத்தனை பேரையும் விட்டுவிட்டு சாஷாவைத்தான் கூமாவாக நிறுத்தினாள். ஆக, துன்யா கர்ப்பமானதும் பெயர் வைக்கிற வேலை சாஷாவின் தலையில் வந்து விழுந்தது. பெண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்ததும் தெருவுக்கே வேலை வந்துவிட்டது.

ஒரு நாள் புரெக் கடையில் தபால்காரம்மா, இப்போதெல்லாம் பெண்ணுக்கு ஆண் பெயரும் செல்லப்பெயரும் வைப்பதுதான் நாகரிகம் என்றாள்; அவள் தங்கை மகளுக்கு வான்யா, தங்கையின் நாத்தனார் மகளுக்குக் கீக்கி. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நாளைக்கு அது நீதிபதி ஆச்சுன்னா? நீதிபதி கீக்கி முன்னாடி நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்டார். இவர் என்ன குற்றம் செய்து நீதிபதி முன்னால் நிற்கப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன், நம் பல் டாக்டரம்மாவுக்குப் பேபா என்றுதான் பெயர், பாப்பா என்று அர்த்தம், அவள் துளைபோடுகிற மெஷினைக் கையில் எடுத்த பிறகு யாராவது சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று. வாத்தியார் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் சாஷா தட்டை வைத்த சத்தம் கேட்டது.

"யாரு வேணா என்ன வேணா வெச்சுக்குங்க. என் கையால ஒரு பொண்ணுக்கு ஆம்பளப் பேரு விழாது. நான் பட்டது போதும்."

துன்யா அன்று அங்கேதான் இருந்தாள், வயிற்றைப் பிடித்தபடி. கையிலிருந்த புரெக்கை முடிக்காமலே எழுந்து போனாள். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. இரண்டு நாள் கழித்து மிளகாய் வாங்க வந்தவளிடம் கேட்டுவிட்டேன். அவளுக்கும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது போலிருக்கிறது.

"சாஷான்னு வைக்கணும்னு ஆசைப்பட்டேன், கோஷா மாமா. சின்ன வயசுலேர்ந்தே. ஆனா கூமாகிட்ட நான் பேரு சொல்லக் கூடாது. அவங்களும் தன் பேரத் தானே வைக்க மாட்டாங்க. இப்ப அது அவங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதுன்னும் தெரிஞ்சுபோச்சு. நீங்க வாயத் திறந்தீங்கன்னா உங்க கடைல காலெடுத்து வைக்க மாட்டேன்."

சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். அன்று மாலையே சாஷா ரோட்டைத் தாண்டி வந்து, பெயர் முடிவாகிவிட்டது, யாரிடமும் சொல்லாதே என்று ரகசியமாகச் சொன்னாள். ரூஷா. ரோஜா என்று அர்த்தம். "இந்தப் பேரக் கேட்டு எவனும் அவளப் பட்டாளத்துக்குக் கூப்பிட மாட்டான்" என்றாள், முகமெல்லாம் சந்தோஷம். என்னிடமும் சத்தியம். இரண்டு பெண்களின் இரண்டு சத்தியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித் தூங்குவான்? என் வாய்க்கு அது வாழ்நாள் தண்டனை.

குழந்தை பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெரு முழுக்கக் குளிர்காலச் சேமிப்புக்கு மிளகாய் சுடுகிற புகை. ஆஸ்பத்திரியிலிருந்து துன்யாவின் அம்மா கடைக்குத்தான் போன் செய்தாள். பெண், நல்ல எடை, தாயும் சேயும் சுகம். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கை பரபரவென்றது, ஏனென்றால் எங்கள் வழக்கப்படி பிள்ளை பிறந்த சேதி வந்தால் அப்பன்காரன் போட்டிருக்கும் சட்டையைக் கிழிக்காமல் விடக்கூடாது. ஆனால் வெல்கோவோ எல்லையில் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தான். அவனைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டோம். அழுதான், சிரித்தான், மூக்கைச் சிந்தினான். சட்டையை என்ன செய்வது என்று தபால்காரம்மா கேட்டாள்.

"நானே கிழிச்சுக்கலாம், இங்க எல்லைப் போலீஸ் பாக்குது. கூமா சட்டையக் கிழிங்க. துன்யாவுக்கு அவங்க பண்ணினதுல பாதிகூட எந்த அப்பனும் பண்ணல."

துன்யாவின் அப்பா அவள் நடக்கக் கற்கும் முன்பே வீட்டை விட்டுப் போனவர். அதனால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இடது கையை நான் கிழித்தேன், வலது கையை வாத்தியார். காலரைத் தபால்காரம்மா பிய்த்தாள், பொத்தான் ஒன்று தயிரில் போய் விழுந்தது. சாஷா உள்பனியனும் தொங்கும் கந்தலுமாக நின்று எங்களைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அன்றைக்கு எல்லோருக்கும் புரெக் இலவசம். அந்தக் கந்தலையே போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை வியாபாரம் செய்தாள்.

ஞானஸ்நானம் சில வாரம் கழித்து. அதுவரை வீட்டில் குழந்தைக்குப் பாப்பா என்றுதான் பெயர், கூமா சொல்லும்வரை வேறெதுவும் கூடாது. கோயில் வாசலில் எல்லோரும் கூடியிருந்தோம். சாஷா புதுச்சட்டை போட்டு, முடியைச் சுருட்டிவிட்டு, ஆளே மாறியிருந்தாள். துன்யா குழந்தையை அவள் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது குனிந்து, நெற்றியில் முத்தம் வைத்து, வீட்டில் பழகிய வாய் தவறிச் சொல்லிவிட்டது.

"போய்ட்டு வாடா, என் சாஷா."

என் வாயைக் கட்டிப்போட்டு இத்தனை நாள் காத்த ரகசியத்தை இவளே கொட்டிவிட்டாள்.

"என்ன சொன்ன?" என்றாள் சாஷா.

துன்யா முகம் சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டாள். நீங்கள் நினைத்திருக்கும் பெயரையே சொல்லுங்கள், வீட்டில் நான் மட்டும் யாரும் இல்லாதபோது கூப்பிட்டேன், இனி கூப்பிட மாட்டேன் என்றாள்.

"ஊர்ல இத்தனை பேரு இருக்கு. போயும் போயும் ஒரு ஆம்பளப் பேரா கிடைச்சுது உனக்கு?"

"எனக்கு அது ஆம்பளப் பேருன்னே தெரியாது, கூமா. ஸ்கூல்ல சேந்தப்ப ஒரு பையன் பேரு சாஷான்னாங்க. நான் சிரிச்சேன். பொம்பளப் பேர ஏன்டா வெச்சிருக்கேன்னு கேட்டு அவன அழவெச்சேன். டீச்சர் என்னைய மூலைல நிக்க வெச்சாங்க. இன்னிக்கும் எனக்கு அது தலை பின்னிவிடற கை. வேற ஒண்ணும் இல்ல."

சாஷா குழந்தையை ஒருமுறை பார்த்தாள், அது கொட்டாவி விட்டது. பாதிரியார் உள்ளேயிருந்து கூப்பிட்டார். போனாள். சடங்குப்படி மேற்கே திரும்பி, சாத்தானை விரட்டத் துப்பச் சொன்னபோது, அவள் துப்பிய வேகத்தில் பக்கத்தில் நின்ற வாத்தியார் கோட்டைத் துடைத்துக்கொண்டார். ஊர் என்ன நினைக்கும் என்று அன்று கேட்ட அந்தப் பையனின் அம்மாமேலும் சேர்த்துத் துப்பினாள் என்று எனக்குத் தோன்றியது.

"பெயர் என்ன?" என்று பாதிரியார் கேட்டார்.

கூமா ஒருத்தியைத் தவிர யாருக்கும் அங்கே வாய் இல்லை. வெல்கோ துன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மெழுகுவர்த்தி என் விரலில் சொட்டியது, நான் அசையவில்லை.

"சாஷா."

பாதிரியார் புருவத்தைச் சுருக்கினார். கூமாவைப் பார்த்தார், இளஞ்சிவப்புத் துணியில் சுற்றிய குழந்தையைப் பார்த்தார், மறுபடி கூமாவைப் பார்த்தார்.

"அம்மா, இது ஆம்பளப் பேரா, பொம்பளப் பேரா?"

ஐம்பத்து நாலு வருஷமாக அவளிடம் எல்லோரும் கேட்ட கேள்வி. சாஷா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோயிலின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பொம்பளப் பேரு, சாமி."