பயப்படத் தெரிந்த மிஸி கமலா

செய்தியைக் கொண்டுவந்தவர் நடேசன் பிள்ளை. காஜா பேராங்கில் கமலாக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர். மலாக்கா செட்டி சமூகத்துக்காரர். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். படகுத்துறை வாசலில் நான் என் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை விட்டு இறங்காமலே, "கமலா சுடா தா அடா" என்றார். கமலா இல்லை என்று அர்த்தம். ஆள் வீட்டில் இல்லாவிட்டாலும் மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். "எங்கே போயிட்டாங்க?" என்று நானும் மலாயில் கேட்டேன். அவர் தலையிலிருந்த தொப்பியை மெதுவாகக் கழற்றினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கமலாக்காவை உங்களில் பலர் மிஸி கமலா என்றுதான் அறிவீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிஸியாக, அதாவது தாதியாக இருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் கணவர் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. அதன் பிறகு தங்கையோடு மலாக்கா டவுனுக்கு வந்து, கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு அம்மை குத்தியிருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் சேர்ந்தார். நான் அதே படகுத்துறையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பழக்கம் அங்கே தொடங்கியது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊர் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. உலகம் சுற்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டு எப்போதாவது ஒரு கப்பல் மலாக்காவுக்கு வரும். நம் கடல் ஆழமில்லாதது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, பயணிகள் மோட்டார் படகில் கரைக்கு வருவார்கள். அவர்களில் பாதிப்பேர் தடி ஊன்றியவர்கள். அப்படி வந்த ஒரு கப்பலின் அதிகாரி, படகுத்துறையிலிருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ஒரு கதை சொன்னார். மெக்சிகோ நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வயதான பயணி ஒருவரை உச்சிவெயிலில் பழைய கோட்டைக்கு ஏற்றியிருக்கிறார்கள். மேலே போனவர் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து கப்பல்காரர்கள் ஒவ்வொரு துறைமுகத்திலும், வயதானவர்களுக்கென்று அலுங்காமல் போய்வரும்படி தனிச் சுற்று ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். ஏஜெண்டு ஆபீஸ் மேனேஜர் யோசித்துவிட்டு, "நம்ம மிஸியக் கேப்போம்" என்றார்.

கமலாக்கா அன்று மாலையே என் காரில் வந்து ஏறினார். "தம்பி, அந்த மெக்சிகோக் கிழவர் கூட யார் போயிருப்பா? மேலே ஏறும்போது அவர் முகத்தை ஒருத்தர்கூடப் பார்க்கலையா?" என்றார். வழி முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிழவரை அவருக்குத் தெரியாது, அந்த ஊரையும் தெரியாது. ஆனாலும் அவருக்காகப் பயந்தார். நான் அறிந்த மனிதர்களில் அவ்வளவு பயந்த சுபாவம் வேறு யாருக்கும் இல்லை. மோட்டார் சைக்கிள் வெடித்தால் கதவைப் பிடித்துக்கொள்வார். பாலத்தின் மேல் கார் நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். அதை மறைக்கவும் மாட்டார்.

பாதை தேர்ந்தெடுக்க அவர் செய்த காரியம் எங்கள் படகுத்துறையில் வெகுநாள் சிரிப்பாக இருந்தது. காஜா பேராங்கிலிருந்து முழங்கால் வலிக்காரர், மூச்சுத்திணறல்காரர், கண் மங்கியவர் என்று சிலரைக் காரில் ஏற்றிவிட்டார். நடேசன் பிள்ளையின் மனைவியும் அதில் இருந்தார். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே உட்கார முடிகிறது, கார் எதுவரை போகிறது, அவசரத்துக்கு ஒதுங்க இடம் உண்டா என்று அவர்களை வைத்தே பார்த்தார். தெங்கேராவில் பழைய மசூதி வாசல்வரை கார் போனது. உஜோங் பாசிரில் கடலோரத் தென்னை நிழலில் பெஞ்சு போட்டிருந்தது. இந்த இரண்டும் போதும் என்றார்.

மேனேஜருக்குத் திருப்தியில்லை. "மலை மேல இடிஞ்ச மாதா கோயில் இருக்கே மிஸி. அதைப் பார்க்கத்தானே வர்றாங்க? குருபோங் பக்கம் ரப்பர் தோட்டமும் காட்டலாம்லா."

"மலை மேல காத்து நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா இறங்கணுமே. ரப்பர்க் காட்டுக்கு நான் வரலை. கம்யூனிஸ்டு சண்டை ஓஞ்சிருச்சின்னு கவர்மெண்டு சொல்லுது. மரத்துக்குப் பின்னால இருக்கிறவனுக்கு யார் சொன்னா?"

"எல்லாத்துக்கும் பயந்தா எப்படி மிஸி?"

"பயப்படத் தெரிஞ்சவங்க கூடப் போனாத்தான் சார் வீடு வந்து சேரலாம்."

இதை அவர் பிறகு எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எல்லாரும் கேள்விப்பட்டு, பாதி தப்பாகச் சொல்லும் அந்த நாளுக்கு வருகிறேன். நான் அங்கே இருந்தேன், ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். மெர்டேக்காவுக்கு முந்திய வருஷம். வெள்ளைக்காரப் பயணிகளில் இளையவர்கள் ஒரு கூட்டமாக மலைக்குப் போனார்கள். முதியவர்கள் கமலாக்காவோடு எங்கள் கார்களில் தெங்கேராவுக்கும் உஜோங் பாசிருக்கும் வந்தார்கள். அவர்களில் ஹார்லோ என்ற கிழத் தம்பதி என் காரில் இருந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பார்வை அவ்வளவாக இல்லை. அவர்களுடைய ஒரே மகள் மலைக்குப் போயிருந்தாள்.

பிற்பகலில் படகுத்துறைக்குத் திரும்பியபோது இளையவர்களின் படகு அப்போதுதான் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. ஹார்லோவின் மகள் அதிலிருந்து கை அசைத்தாள். தாய்க்கு அது தெரியவில்லை, கிழவர்தான் சொன்னார். கமலாக்கா அவர்களைப் பார்க்கவில்லை. சுமத்ரா பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிவானம் கறுத்து, கடல் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. கரையில் ஒரு காக்கை இல்லை.

"அந்தப் படகைத் திருப்பச் சொல்லுங்க" என்று கரையில் நின்ற இளம் கப்பல் அதிகாரி ஒருவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த இளைஞர் சிரித்தார். "மழைதானே அம்மா. நனைந்தால் காயும். இவர்களையும் ஏற்றுங்கள், கப்பல் கிளம்பப் போகிறது."

கமலாக்கா படிக்கட்டின் குறுக்கே நின்றுகொண்டார். "இவங்களை நான் அனுப்ப மாட்டேன்."

மேனேஜர் ஓடிவந்தார். "மிஸி, என்ன கலாட்டா இது? கப்பல் விட்டுட்டுப் போயிட்டா இத்தனை பேரையும் உங்க வீட்லயா வச்சிப்பீங்க?"

"வச்சிக்கிறேன் சார்."

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்காது, தெரியுமா?"

"தெரியும்." அவர் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கிழவர் ஹார்லோவே கோபத்தோடு தடியைத் தட்டி, "வழியை விடுங்கள், நான் கடலில் பிழைத்தவன்" என்றார். கமலாக்கா நகரவில்லை. அந்த வாக்குவாதம் முடியவில்லை. காற்று வந்து முடித்துவைத்தது.

முதலில் கொட்டகையின் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. பிறகு மழை, மேலிருந்து அல்ல, பக்கவாட்டில் வந்து அறைந்தது. எல்லாரையும் சரக்குக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனோம். கதவிடுக்கு வழியாக நான் கடலைப் பார்த்தேன். படகு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. பிறகு வெள்ளையாக மழை மட்டும்தான் இருந்தது. அந்த அதிகாரியின் முகத்தில் இரத்தமே இல்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிழவர்கள் எல்லாரும் கரையில் பத்திரமாக இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கே கடலில் இருந்தார்கள்.

ஹார்லோ அம்மா, "என் மகள் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள் அல்லவா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கணவர், "சேர்ந்திருப்பாள், சேர்ந்திருப்பாள்" என்றார். அந்தக் குரலை யாரும் நம்பியிருக்க முடியாது. கமலாக்கா அந்த அம்மாவின் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்தார். அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியவில்லை அம்மா. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. உங்களோடு இருக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடுங்கினார்கள். நானும் நடுங்கினேன். இத்தனைக்கும் அந்தப் படகில் எனக்கு யாரும் இல்லை.

மழை தணிந்தபோது கப்பல் தன் இடத்திலேயே நின்றது. அதன் பக்கத்தில் படகு இல்லை. கடலில் எங்குமே படகு இல்லை. அதிகாரி தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். கமலாக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "காத்து எந்தப் பக்கம் தள்ளுச்சு தம்பி?" என்றார்.

"உஜோங் பாசிர் பக்கம்தான் அக்கா."

"காரை எடு."

ஹார்லோ தம்பதியையும் ஏற்றிக்கொண்டோம். விட்டுவிட்டு வரமுடியாது என்று கமலாக்கா சொல்லிவிட்டார். ரோட்டில் தென்னைமட்டைகள் விழுந்து கிடந்தன. பின் சீட்டிலிருந்து அந்தக் கிழவரின் மூச்சு மட்டும் கேட்டது. அப்போது நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

உஜோங் பாசிர் கரையில் மீனவர்கள் கூடியிருந்தார்கள். சேற்றுத் திட்டில் படகு கவிழ்ந்து கிடந்தது. சேறும் ரத்தமுமாக ஆட்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. படகோட்டிக்கு மண்டை உடைந்திருந்தது. மீனவர்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி எல்லாரையும் கரை சேர்த்திருந்தார்கள். கமலாக்கா ஓடினார், ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு பெண்ணைத் தோளோடு அணைத்துக் காருக்கு நடத்திக்கொண்டு வந்தார். கார்க் கதவருகே வந்ததும் அவள், "அம்மா" என்றாள். பார்வை மங்கிய அந்தத் தாய், குரல் வந்த திசையில் இரண்டு கையையும் நீட்டினார்.

கமலாக்கா காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். "நல்லபடியா முடிஞ்சிருச்சே அக்கா, இப்ப என்ன?" என்றேன். "முடிஞ்ச பிறகுதான் தம்பி உடம்புக்கே தெரியுது" என்றார். பிறகு படகோட்டியின் மண்டையைக் கட்டப் போனார்.

ஆபீசில் யாரும் அவரைப் பாராட்டவில்லை. கப்பல் தாமதமானதற்குக் காரணம் புயலா மிஸியா என்று சண்டை போட்டார்கள். அடுத்த கப்பலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்துப் பழைய கப்பலே திரும்பி வந்தபோது, அன்று சிரித்த அதே அதிகாரி படியேறியதும் மேனேஜரிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பயந்த அம்மா இருக்கிறார்களா?" மேனேஜரே காஜா பேராங்குக்குப் போய் அழைத்துவந்தார். அன்றிலிருந்து கடைசி மாதம்வரை வயதானவர்களின் சுற்று எங்கே போவது, எங்கே போகக்கூடாது என்பது கமலாக்காவின் முடிவாகவே இருந்தது.

அவருக்கு நெஞ்சுவலி இருந்தது எங்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு என்னிடம், "தூக்கத்திலேயே போயிடணும் தம்பி. முழிச்சிருந்தா பயந்துடுவேன்" என்றார். அப்படி நடக்கவில்லை. சாவு வீட்டில் அவர் தங்கை எனக்குச் சொன்னார். மதியம் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தாராம். வேர்த்திருந்ததாம். "எனக்குப் பயமா இருக்கு. கையை விடாதே" என்றாராம். தங்கை விடவில்லை. டாக்டர் வந்து சொன்ன பிறகும் விடவில்லை.

நான் பயத்தை மறைத்து வளர்ந்தவன். ஆம்பிளை பயப்படக்கூடாது என்று அடித்துச் சொல்லிக்கொடுத்த வீடு என்னுடையது. போன வாரம் என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் அவள் என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்டாள். நான் வழக்கமாகச் சொல்வது வேறு. அன்று, "இருக்கு" என்றேன். அவள், "எனக்கும்தான்" என்று சொல்லி என் விரல்களைப் பற்றிக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு அருகில் இருந்ததில்லை. அவள் இப்போது நலமாக இருக்கிறாள். கமலாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லும் தைரியம் அவர் கொடுத்தது.