பீடத்தில் ஏறிய பத்மினி கார்

காலையில் மாணவர்களைப் பொத்தேரியில் இறக்கிவிட்டால், மாலையில் மறுபடி ஏற்றும்வரை கல்லூரிப் பேருந்து ஓட்டுநருக்கு வேலை கிடையாது. மரநிழலில் வரிசையாக நிற்கும் பேருந்துகளில் ஒன்றில் சீட்டாட்டம் நடக்கும். இன்னொன்றில் குறட்டை. கருங்குழி வண்டியின் கடைசி இருக்கையில் மட்டும் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்கும். அங்கே தேவசகாயம் கார் செய்துகொண்டிருப்பார்.

நிஜக் காரில் இரண்டடி இருப்பது அவரிடம் ஓர் அங்குலம். கார் முழுவதும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். விளம்பரப் பலகைக் கடையில் கழித்துப் போடும் வெள்ளை நுரைப்பலகைத் துண்டுதான் உடம்பு. அறுந்த செருப்பின் அடிப்பாகம் டயர். மாத்திரை அட்டையின் குமிழ்கள் முன்விளக்குக் கண்ணாடி. யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒன்றைக் கெடுத்து, அடுத்ததில் திருத்தி, அதையும் கெடுத்துக் கற்றுக்கொண்டார்.

“இன்னா அண்ணாத்த, இந்த வண்டிய எஃப்.சி.க்கு எப்ப எடுத்துகினு போவ?” என்று பக்கத்து வண்டி சடையப்பன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கேட்பார்.

“உன் வண்டி பாஸ் ஆவட்டும் மொதல்ல” என்பார் இவர், தலை நிமிராமல்.

முதலில் ஓர் ஆம்னி செய்தார். பிறகு ஜீப், அம்பாசடர் என்று வரிசையாக வந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். எதிலும் அவருக்குத் திருப்தி இருந்ததில்லை, அதனால் கொடுப்பது சுலபமாக இருந்தது. பத்மினி அப்படியல்ல. ஒரு பட்டறையில் சும்மா நின்ற பழைய பத்மினியை நூல் பிடித்து அளந்து வந்து தொடங்கினார். பானெட்டின் வளைவு வரவே இல்லை. செய்ததையெல்லாம் உடைத்துப் போட்டார். இரண்டாம் வருஷம் ஒருநாள் அது வந்துவிட்டது. எங்கும் மேடு இல்லை, பள்ளம் இல்லை. வெண்ணெய் நிறம் அடித்து வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதன்முன் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். வாழ்க்கையில் ஒன்றாவது நினைத்தபடி அமைந்ததே என்றிருக்கும். அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை, மனைவி ரெஜினாவிடம்கூட.

அறுப்பின் பண்டிகை வந்தது. சபையில் அவரவர் கையால் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தில் படைப்பார்கள். ஆயர் ஜெபித்த பிறகு வெளியே பந்தலில் ஏலம். நிலம் உள்ளவர்கள் கரும்பு, பூசணி கொண்டுவருவார்கள், மற்றவர்கள் சேவலோ முட்டையோ. தேவசகாயம் வீட்டில் எதுவும் விளைவதில்லை. வருஷாவருஷம் ரெஜினா கடையில் ஒரு வாழைத்தார் வாங்கிக் கொடுப்பாள். கடையில் வாங்கியது முதற்பலன் ஆகுமா என்று போன வருஷம் பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் படைக்கப் போனவர்களின் வரிசையில், ரெஜினாவின் கையில் பத்மினி இருந்தது. தேவசகாயம் அதைப் பார்த்தபோது அவள் பீடத்தை எட்டிவிட்டாள். பூசணிக்காய்க்கும் கால்கட்டிய சேவலுக்கும் நடுவில் கார் நின்றது. ஆயர் கைகளை நீட்டி ஜெபித்தார்.

வெளியே வந்ததும் தேவசகாயம் கேட்டது ஒரே வார்த்தை, “ஏன்?”

“நாம இன்னா விதைச்சோமா, அறுத்தோமா? நம்ம வூட்ல கையால வெளஞ்சது அது ஒண்ணுதாங்க” என்றாள் ரெஜினா. அவள் முகம் அவ்வளவு மலர்ச்சியாக இருந்தது. அவள் சொன்னதில் ஒரு பிழை கண்டுபிடித்திருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார்.

படைத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில் எடுக்கலாம். அதைத்தான் செய்தார். கார் மேஜைக்கு வந்ததும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

கொடுத்தவரே ஏலம் கேட்டால் சபைக்கு அதில் ஒரே அர்த்தம்தான், காணிக்கையை ஏற்றிவிடப் பார்க்கிறார். அவரை அப்படியே எடுக்க விடுவது மரியாதைக் குறைவு. போன வருஷம் இதே ஏலத்தில் வரலட்சுமி என்ற பெண் தன் சேவலைத் தானே கேட்டபோது, விடாமல் ஏற்றிவிட்டவர்களில் தேவசகாயமும் ஒருவர். அது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஏலம் விட்ட ஜெபசிங் ஒலிபெருக்கியில், “பாருங்க, செஞ்சவரே கேக்குறாரு. சரக்கு எப்பேர்ப்பட்டதுன்னு பாத்துக்கோங்க” என்றார். நாலைந்து கைகள் எழுந்தன. இவர் ஏற்றினார். அவர்களும் ஏற்றினார்கள். கடைசியில் எதிரே நின்றது ரெஜினாவின் தம்பி பெஞ்சமின். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். வேண்டாம் என்று தேவசகாயம் அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவன் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு, சிரித்தபடி இன்னும் ஏற்றினான். பெண்கள் பக்கத்தில் ரெஜினா கைதட்டிக்கொண்டிருந்தாள். தொகை கையிருப்பைத் தாண்டியதும் இவர் கையை இறக்கினார்.

மூன்று தரம் சொல்லியாயிற்று. இன்னும் ஒரு வழி இருந்தது. எடுத்தவர்கள் பெரும்பாலும் பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பார்கள், மறுபடி ஏலம் போகும். பெஞ்சமின் ஒலிபெருக்கியை வாங்கினான்.

“நான் திருப்பிக் குடுக்கப் போறதில்ல. எங்க மாமா கைவேலை இது. என் வண்டில வெச்சி ஊருக்கே காட்டுவேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். தேவசகாயமும் தட்ட வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. அக்காவையும் மாமாவையும் பெஞ்சமின் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனான். வேனில் ஏறியதும் தேவசகாயம் பார்த்தார். முன்கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டில், இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டு பத்மினியை நிறுத்தியிருந்தான். நுரைப்பலகை வெயில் தாங்காது. கூரையின் நடுப்பகுதி கொஞ்சம் அமுங்கியிருந்தது.

“வெயில் படாத எடத்துல வெக்கலாமேடா.”

“மறைச்சி வெச்சா யாருக்குத் தெரியும் மாமா? நேத்துகூட ஒரு ஃபேமிலி போட்டோ எடுத்துகினு போச்சு.”

“கூரை வளையுது பெஞ்சமின்.”

அவன் ஒரு பார்வை பார்த்தான். “எங்க? நல்லாத்தான கீது.”

“அவரு செஞ்சத அவரே கொற சொல்லுவாரு, நீ ஓட்டு” என்றாள் பின்னாலிருந்து ரெஜினா.

எனக்கே கொடுத்துவிடு என்று கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டால், மனமில்லாமல் படைத்தார் என்றாகும். அவள் பீடத்தில் கொண்டுபோய் வைத்தது காணிக்கையே இல்லை என்றாகிவிடும்.

திருக்கழுக்குன்றம் தாண்டிக் கிழக்கே போகும்போது வெயில் நேராக உள்ளே விழுந்தது. அவர் கையை நீட்டி, உள்ளங்கையைக் காரின்மேல் கவிழ்த்துப் பிடித்தார்.

“வுழாது மாமா. டேப்பு நல்லா புடிச்சிக்கினு கீது” என்றான் பெஞ்சமின்.

“ம்” என்றார். கை கூரைக்குத்தான் போதுமாக இருந்தது. பானெட்டுக்கு நகர்த்தினால் கூரை வெயிலுக்கு வந்தது. இன்னொரு கையையும் கொண்டுவந்து வைத்தார். திங்கட்கிழமை இந்நேரம் அவர் பொத்தேரியில் இருப்பார், இந்த வேன் இதே சாலையில் போய்க்கொண்டிருக்கும்.